உட்கார முடியவில்லை, கை மரத்துப் போகிறது: சைக்கிளில் முதலில் எதை மாற்றுவது?

கேள்வி: வேலைக்குப் போக வர தினமும் 24 கி.மீ. ஹைப்ரிட் சைக்கிள் ஓட்டுகிறேன். என் எடை 75 கிலோ, டயர் 28 மி.மீ. அரை மணி நேரத்திலேயே உட்காரும் இடம் வலிக்கிறது, சுண்டுவிரல் மரத்துப் போகிறது. தடித்த ஜெல் சீட்டும் முன்பக்க ஷாக் அப்சார்பரும் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் டயரை மாற்றுங்கள்.

சாலையின் அதிர்வு உங்கள் உடம்புக்கு வருவதற்கு முன் அதைத் தாங்கிக்கொள்வது டயருக்குள் இருக்கும் காற்றுதான். 1880-களின் இறுதியில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்று டயர் செய்து போட்டதும் இந்தக் குலுக்கலைக் குறைக்கத்தான். உங்கள் டயரின் பக்கவாட்டில் 28-622 என்று இருந்தால், முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் அது உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டாவது எண் மாறாமல் 35 அல்லது 37 அகலத்துக்குப் போங்கள். ஃபோர்க், பிரேம், பிரேக் எதிலும் டயர் உரசாமல் நாலைந்து மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதை அளந்த பிறகே வாங்குங்கள்.

காற்றில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். டயரில் அச்சிட்டிருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு, அவ்வளவு அடித்தே ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் எடைக்கு, 37 மி.மீ. டயரில், பின்னால் 55 பி.எஸ்.ஐ., முன்னால் 50 என்று தொடங்கி, மூன்று மூன்றாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பள்ளத்தில் ரிம் தட்டுவது போல உணர்ந்தால் கொஞ்சம் கூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும்.

அப்புறம் சீட். கையால் அமுக்கிப் பார்த்து மெத்தென்று இருப்பதை வாங்குகிறோம். ஆனால் நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். ஜெல்லில் அவை புதைந்துவிடும், நடுவில் உள்ள மென்மையான சதை நசுங்கும். பத்து நிமிடம் சுகமாக இருந்த சீட் ஒரு மணி நேரத்தில் வலியாவது இதனால்தான். ஒரு நெளி அட்டைத் துண்டைக் கெட்டியான ஸ்டூலில் போட்டு, முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் உட்காருங்கள். எழுந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையே, உதாரணமாக, 12 செ.மீ. இருந்தால், 14 செ.மீ. அளவில் அகலமுள்ள, ஓரளவு கெட்டியான சீட் பொருந்தும்.

கை மரத்துப் போவதற்கும் சீட் காரணமாக இருக்கலாம். அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும், அதைத் தடுக்கக் கைகள்தான் தள்ளிக்கொண்டே இருக்கும். சீட்டைச் சமமாக்குங்கள். ஹேண்டில்பாரையும் இரண்டு செ.மீ. உயர்த்துங்கள், முடியாவிட்டால், மேல்நோக்கி உயரும் சற்றுக் குட்டையான ஸ்டெம் (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு) போடலாம். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடுகிறது. உருண்டையான கிரிப் அதை அழுத்தும். உள்ளங்கை தாங்கும்படி பட்டையாக விரிந்த கிரிப் அதிக விலையில்லாத, நல்ல மாற்றம். இத்தனைக்குப் பிறகும் ஓட்டாத நேரத்திலும் விரல் மரத்திருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஷாக் அப்சார்பர் விஷயம் சுருக்கமானது. விலை குறைந்தவை எடையைக் கூட்டும், மிதிக்கும்போது ஆடும், பின்பக்கத்துக்கு ஒன்றும் செய்யாது. டயர் மாற்றியும் குலுக்கல் தொந்தரவு செய்தால், ஸ்பிரிங் உள்ள சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) வாங்குங்கள். பழைய போஸ்டில் பொறித்திருக்கும் அதே விட்டமும் உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் புதியதில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி ஒரு வாரம் ஓட்டினால்தான் எது உதவியது என்று தெரியும். புதிய சீட்டோ போஸ்டோ போட்டதும் உயரத்தை மறுபடி சரிபாருங்கள்: கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது.