ரீகால் முடிந்து வந்த வண்டியில் சத்தம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ரீகால் (குறையுள்ள பாகத்தைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைப்பது) வேலைக்கு விட்டு எடுத்ததிலிருந்து முன்பக்கம் சத்தம் கேட்கிறது. என்ன காரணம்? (தாம்பரம்)

எந்த வண்டி, எந்தப் பாகத்தை மாற்றினார்கள், சத்தம் எப்போது வருகிறது என்ற மூன்றில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. இம்முறை வந்த கடிதங்களில் பாதி இப்படித்தான். முதலில் சர்வீஸ் சென்டர் வேலைகளை எழுதித் தரும் ஜாப் கார்டைப் பாருங்கள். மாற்றிய பாகம், அதை மாற்றுவதற்காகக் கழற்றிய பாகம் இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சத்தம் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும். பள்ளத்திலா, திருப்பத்திலா, பிரேக்கிலா, இடதா, வலதா என்று எழுதினால் பதில் சொல்ல முடியும்.

லோயர் ஆர்ம் இரண்டையும் ரீகாலில் இலவசமாக மாற்றித் தந்தார்கள். பத்து நாளிலேயே ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் பழைய இரும்புக் கட்டில் போலக் கிரீச்சிடுகிறது. “புது ரப்பர், ஓட ஓட செட் ஆகிடும்” என்கிறார்கள். 1,500 கி.மீ. ஓடிவிட்டது. (திருப்பூர்)

செட் ஆகாது. இன்னும் 10,000 ஓடினால் புஷ் கிழியும், அவ்வளவுதான்.

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை. அதன் புஷ் என்பது இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு சேர்ந்து இறுகிவிடும், அது சுற்றாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது நடுவிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. வண்டி தரையில் சும்மா நிற்கும்போது அந்த ரப்பரில் முறுக்கே இருக்கக் கூடாது. ஆனால் டூ-போஸ்ட் லிஃப்டில் தூக்கினால் சக்கரம் தொங்கும், ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே நட் முடுக்கும் மெஷினான இம்பாக்ட் கன்னை வைத்து இறுக்கி அனுப்பிவிட்டால், வண்டியை இறக்கிய கணமே ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் ஆர்ம் இன்னும் மேலே போகும்போது தாங்காமல் கத்துகிறது. ஒட்டு விட்டுப்போவதும் அங்கேதான்.

சரியான முறை சர்வீஸ் மேனுவலிலேயே இருக்கிறது. புஷ் போல்ட்டுகளை முதலில் லேசாக மட்டும் பூட்ட வேண்டும். வண்டியைத் தரையிலோ, வீல் அலைன்மென்ட் மேடையிலோ, பிட் (அடியில் இறங்கி வேலை செய்யும் குழி) மேலோ நான்கு சக்கரத்தில் நிறுத்தி, முன்பக்கத்தை மூன்று நான்கு முறை அழுத்தி விட வேண்டும். அதன் பிறகுதான் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கடைசி இறுக்கம், சிறிய கார்களில் சுமார் 100 முதல் 150 நியூட்டன் மீட்டர். பிட் இல்லாத இடத்திலும் வழி உண்டு. கழற்றுவதற்கு முன்பே சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து வைத்து, லோயர் ஆர்மின் நுனிக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவுக்குத் தூக்கி இறுக்கலாம். கூடுதலாகப் பிடிப்பது கால் மணி நேரம்.

அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நல்ல பாகங்களெல்லாம் பாழாகின்றன. ரீகால் வேலைக்கு வாடிக்கையாளர் காசு கொடுப்பதில்லை. ஒரே நாளில் பத்து வண்டி வரிசையில் நிற்கும், மேனுவலை எடுத்துப் பார்க்க ஆள் இருக்காது. உயிருக்கு ஆபத்து என்று சொல்லித் திரும்ப அழைத்த வண்டியில் இப்படிச் செய்வதை மன்னிக்கவே முடியாது.

சர்வீஸ் சென்டரில் “சத்தம் வருகிறது” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். “லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரம் தரையில் இருக்கும்போது டார்க் ரெஞ்சில் இறுக்கித் தாருங்கள்” என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். ரப்பர் கிழியாமல் இருந்தால் சத்தம் அன்றே போய்விடும். கிழிந்திருந்தால் புதிய ஆர்ம் அவர்கள் செலவில் போடட்டும். கழற்றிய நைலான் லாக் நட்டையே திரும்பப் போடவும் விடாதீர்கள், ஒருமுறை கழற்றியதும் அதன் பிடிப்பு குறைந்துவிடும்.

கிரீச் சத்தத்துக்கு என்ஜின் ஆயில் விட்டால் நின்றுவிடும் என்று பக்கத்துக் கடை மெக்கானிக் சொல்கிறார். (ஓசூர்)

இரண்டு நாள் நிற்கும், பிறகு ரப்பர் உப்பிக் கொழகொழவென்று ஆகும். ஆயில், கிரீஸ், வாட்டர் வாஷில் அடிக்கும் டீசல் மூன்றும் புஷ்ஷுக்கு எதிரி. எந்த புஷ் கத்துகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் வெறும் தண்ணீரை ஒவ்வொன்றாகத் தெளித்துப் பாருங்கள். எதில் பட்டதும் சத்தம் அடங்குகிறதோ அதுதான்.

டை ராட் ரீகாலுக்குப் பிறகு ஸ்டீயரிங் நேராக இல்லை, கரடுமுரடான சாலையில் ‘டக் டக்’ என்று கையில் தட்டுகிறது. (நாமக்கல்)

2023 ஜூலையில் மாருதி சுசுகி எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ மாடல்களில் சுமார் 87,600 வண்டிகளை ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் ஒரு பாகம் உடையக்கூடும் என்று திரும்ப அழைத்தது. உங்களுடையது அதுவா, வேறா என்று நீங்கள் எழுதவில்லை. எந்த வண்டியானாலும் டை ராடைத் தொட்டால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். மரையை எண்ணி அதே அளவுக்கு முறுக்குவதெல்லாம் அலைன்மென்ட் மேடை வரை வண்டியை ஓட்டிப்போக மட்டும். ஈ.எஸ்.பி. (வழுக்கும்போது வண்டியை நிலைப்படுத்தும் அமைப்பு) உள்ள வண்டியாக இருந்தால் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரையும் ஸ்கேனர் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கையில் தட்டுவதை விட்டுவைக்காதீர்கள். சக்கரத்தைத் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்), கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராட் பக்கம். 12, 6 பிடித்து ஆட்டும்போது வந்தால் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். டை ராட் எண்டின் கூம்புத் தண்டு உட்காரும் ஓட்டை சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். துருவோ மண்ணோ இருந்தால் நட் இறுகியது போலத் தெரிந்து, ஓடிய பிறகு தளரும்.

ஸ்ட்ரட் மாற்றியதிலிருந்து நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டொய்ங்’ என்கிறது. (காரைக்குடி)

ஸ்ட்ரட்டைச் (ஷாக் அப்ஸார்பர்) சுற்றியிருக்கும் ஸ்பிரிங். ஒருவர் திருப்பட்டும், நீங்கள் ஸ்பிரிங் மேல் கையை லேசாக வையுங்கள், வளையத்துக்கு இடையில் விரல் விடாதீர்கள். சீராகச் சுற்றாமல் இழுத்து விடுவித்தால் மேல் பேரிங் மாறி உட்கார்ந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங்கின் அடிமுனை அதன் படியில் சேராமல் நிற்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றும் கடையில் விடாதீர்கள். அந்த ஸ்பிரிங் ஆளையே அடிக்கும்.

இரண்டு சக்கரமும் சேர்ந்து ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் சத்தமில்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால் ‘கடக்’. (திருச்சி)

இப்படி எழுதினால் வண்டியைப் பார்க்காமலே சொல்லலாம். ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனையிலுள்ள சிறு கம்பி. இரு சக்கரமும் ஒன்றாக எழும்பினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்குவதில்லை, லிங்க்கில் பாரம் ஏறாது. ஒன்று மட்டும் எழும்பினால்தான் அது இழுபடும். ஸ்ட்ரட் வேலைக்காக லிங்க்கைக் கழற்றியிருப்பார்கள். நட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள், சுமார் 50 நியூட்டன் மீட்டர் போதும். நட்டோடு லிங்க்கின் பால் ஜாயின்ட் தண்டும் சுற்றினால் ஆலன் கீயால் தண்டைப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். இம்பாக்ட் கன் வைத்துச் சுற்றவிட்டால் உள்ளே பால் ஜாயின்ட் தேய்ந்துவிடும், அப்போது லிங்க்கையே மாற்ற வேண்டியதுதான்.

பள்ளத்தில் சத்தம் வருகிறது, பிரேக்கை லேசாக மிதித்தால் நிற்கிறது. (வேலூர்)

சஸ்பென்ஷன் இல்லை. பிரேக் பேட் ஆடுகிறது. பேடை அழுத்தும் காலிபரைக் கழற்றியபோது பேட் கிளிப்பைப் போட மறந்திருப்பார்கள்.

சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப ‘டிக் டிக்’. (புதுச்சேரி)

வண்டியை ஓரங்கட்டி முதலில் வீல் நட். சிறிய காருக்கு சுமார் 100 நியூட்டன் மீட்டர். எந்த வேலைக்குச் சக்கரம் கழற்றினாலும் 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள் என்று இங்கே பலமுறை சொல்லியாகிவிட்டது. நட் சரியாக இருந்தால் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகடு வளைந்து உரசுகிறதா பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. ரீகால் எனக்குப் பொருந்துமா? (மதுரை)

பொருந்தும். ரீகால் சேசிஸ் எண்ணைப் பொறுத்தது, உரிமையாளரைப் பொறுத்ததல்ல. 17 இலக்க எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், பாக்கி இருந்தால் இலவசமாகச் செய்துகொள்ளுங்கள்.

டை ராட் மாற்றிய வண்டியில் சத்தம் இருக்கிறது. நாளை குடும்பத்தோடு 400 கி.மீ. போக வேண்டும். போகலாமா? (தர்மபுரி)

ரப்பர் கிரீச்சிடுவது மட்டுமென்றால் போய் வாருங்கள். ஸ்டீயரிங்கில் தட்டினாலோ, 3, 9 பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தாலோ பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். டார்ச் அடித்து டை ராட் நட்டையும் பாருங்கள். நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய ஓட்டை காலியாக இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், சர்வீஸ் சென்டரிலிருந்து ஆளை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.