கோலாலம்பூர் தமிழ்த் தொடரை வெளிநாட்டுக்கு விற்க, புதிய தயாரிப்பாளர் எதைக் கற்க வேண்டும்?

உரிமைப் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். கதை சொல்லத் தெரிந்தவர்கள் இங்கே நிறைய. விற்பனை தடைபடுவது பெரும்பாலும் பத்திரத்தில்தான்.

தொலைக்காட்சி நிலையம் முழுச் செலவையும் கொடுத்து எடுக்கச் சொன்ன தொடரின் உரிமை பெரும்பாலும் நிலையத்துக்கே போய்விடும். கையெழுத்திடும் முன்பே வெளிநாட்டு உரிமையைத் தனியாகப் பேசுங்கள். எழுத்தாளர், இசையமைப்பாளர், நடிகர் எல்லாரிடமும் எல்லா நாடுகளுக்கும் இணையத்துக்கும் செல்லுபடியாகும் எழுத்து ஒப்பந்தம் வாங்குங்கள். பிரிக்பீல்ட்ஸ் கடையில் எடுத்த காட்சியின் பின்னணியில் அனுமதி வாங்காத ஒரு சினிமாப் பாட்டு ஒலித்தால்கூட வாங்குபவர் பின்வாங்கலாம்.

அடுத்து ஒலி. வசனம், இசை, ஓசை மூன்றையும் தனித்தனித் தடங்களாகவே வைத்திருங்கள். கலந்துவிட்டால், மலாயிலோ ஸ்பானிஷிலோ டப்பிங் செய்யும்போது காலடி ஓசை முதல் கதவுச் சத்தம் வரை மறுபடி உருவாக்க வேண்டும். அந்தச் செலவில் லாபமே கரையும். திரையில் எழுத்தே இல்லாத பிரதி ஒன்றும் தேவை. ஐரோப்பிய ஒளிபரப்பில் சராசரி ஒலியளவு −23 எல்யூஎஃப்எஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு). அதைத் தாண்டினால் பிரதி திரும்பி வரலாம்.

கூட்டுத் தயாரிப்பில் முதலீட்டுச் சதவீதத்தோடு பேச்சை முடிக்காதீர்கள். எந்த நாட்டு வருமானம் யாருக்கு, செலவு மிஞ்சினால் யார் போடுவது, இறுதி எடிட்டிங் முடிவு யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் வரவேண்டும். பணம் தவணையாகத்தான் வரும், கடைசித் தவணை பெரும்பாலும் பிரதியை ஏற்றுக்கொண்ட பிறகே. சிறு நிறுவனங்கள் திணறுவது இந்த இடைவெளியில்தான். அதைத் தாங்கும் கைமுதலைப் படப்பிடிப்புக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

பழகிப் பார்க்க, டிசம்பரில் சிங்கப்பூரில் நடக்கும் ஏஷியா டிவி ஃபோரம் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிச் சந்தை நமக்கு மிக அருகில். இரண்டு பக்கச் சுருக்கமும், ஆங்கில வசனவரியுடன் இரண்டு நிமிட முன்னோட்டமும் கையில் இருக்கட்டும்.