ஆயராக விரும்பும் மகள்: கோத்தகிரித் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

கொழுந்து பறித்துப் படிக்க வைத்த மகள், பி.காம். இறுதியாண்டில் வங்கித் தேர்வுக்குப் படிக்காமல், இறையியல் படித்து, சபையை நடத்தும் ஆயராகப் போகிறேன் என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பெண்பிள்ளைக்கு அது நடக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) 1976 முதல் பெண்கள் குருப்பட்டம் பெற்று வருகிறார்கள். 2013இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயராகவே (பிஷப்) அபிஷேகம் பெற்றார். ஆகவே விதியில் தடையில்லை. சில சபைகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பது இன்னும் உண்டு. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

எனக்குக் கவலை வேறு. இறையியல் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் ஆயராகிவிடலாம் என்று உங்கள் மகள் எண்ணுவதாகத் தெரிகிறது. இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. (இறையியல் இளநிலை) பட்டத்தை, 1969இல் தொடங்கிய மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படிக்கலாம். எபிரெயமும் கிரேக்கமும் சேர்ந்து வரும். ஆனால் படிப்பு வேறு, குருப்பட்டம் வேறு. சேகரக் குழுவின் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் குழு) பரிந்துரை, பேராயத்தின் (பேராயரின் கீழுள்ள மறைமாவட்டம்) நேர்காணல், படிப்புக்குப் பின் ஒரு சேகரத்தில் பயிற்சிக் காலம், குருப்பட்டத்துக்கு முந்தைய டீக்கன் பட்டம் ஆகியவற்றைக் கடந்துதான் ஆயராக முடியும். பேராயம் அனுப்பாமல் சொந்தச் செலவில் படித்துவிட்டு, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

ஒரு சேகரத்தில் ஒன்பது ஆண்டுகள் செயலராக இருந்தவன் என்பதால், பிரசங்க மேடைக்கு வெளியே ஆயரின் வேலை என்னவென்று சொல்ல எனக்குச் சற்று உரிமை உண்டு. காலையில் தலைமை ஆலயத்தில் ஆராதனை நடத்திவிட்டு, பேருந்து பிடித்து, எஸ்டேட் சிற்றாலயத்தில் இன்னொரு ஆராதனை நடத்த வேண்டும். வழியில் காட்டெருமை நின்றால் அது நகரும்வரை காத்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஓர் அடக்க ஆராதனை நடந்தது. வெட்டிய குழியில் தண்ணீர் ஊற ஊற, வாளியால் இறைத்துக்கொண்டிருந்தவர்களோடு எங்கள் ஆயரும் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மறுநாள் மாலை அதே மனிதர், அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கில் நானூறு ரூபாய் குறைகிறது என்று இரண்டு மணி நேரம் குழுவின் வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து முடித்த திருமணத்தைப் பதிவேட்டில் ஏற்றும்போது, மணமகளின் தகப்பன் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், பின்னால் பாஸ்போர்ட்டுக்கு அலைவது அந்தப் பெண்தான். உங்கள் மகளின் பி.காம். வீண் என்று நினைக்காதீர்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆயரைக் குழுவில் யாரும் எளிதில் ஏய்க்க முடியாது.

சம்பளம் வங்கி வேலையோடு ஒப்பிடும் அளவுக்கு இராது. குடியிருக்க ஆயர் இல்லம் கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றமும் வரும். திருமணப் பேச்சு எடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பட்டப்படிப்பை முதலில் முடிக்கட்டும். பிறகு ஓராண்டு, சபை ஆயரிடம் அனுமதி பெற்று, ஞாயிறு பள்ளியில் கற்பிக்கட்டும். நோயாளிகளைச் சந்திக்க அவரோடு எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகட்டும். சேகரக் குழுக் கூட்டத்தில் ஓரமாக அமர்ந்து ஒரு முழு ஆண்டுக் கணக்கையும் கேட்கட்டும். அந்த ஆண்டில் வங்கித் தேர்வையும் எழுதி வைக்கலாம். அதனால் இறைவனின் அழைப்பு குறைந்துவிடாது. ஆண்டு முடிவிலும் அவள் மனம் மாறாவிட்டால், பரிந்துரைக் கடிதம் கேட்டு ஆயரிடம் நீங்களே அவளோடு செல்லுங்கள். வீட்டின் சம்மதம் உண்டா என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள்.