கோத்தகிரிக் குளிரில் 90 டிகிரி

கணினி கேள்வி – பதில்

இந்த முறை மலை ஊர்க் கடிதங்களுக்கே இடம் ஒதுக்கிவிட்டேன். மேலோட்டமாகப் படித்தால் எல்லோருக்கும் ஒரே நோய், பிராசசர் சூடு என்று தோன்றும். அப்படி இல்லை.

கேள்வி: சார், கோத்தகிரியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் முக்கிய வேலை. ரைசன் 5 2600 பிராசசர் போட்டிருந்த சிஸ்டத்தில் மதர்போர்டை மாற்றாமல், அதன் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் அப்டேட் செய்து, செகண்ட் ஹேண்டில் கிடைத்த ரைசன் 7 5800எக்ஸ் மாட்டினேன். கூலர் பழையதுதான். வேகம் அருமை. ஆனால் எடிட் செய்ததை முழு வீடியோவாக வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் கொடுத்தால் சூடு நேராக 90 டிகிரிக்குப் போய் அங்கேயே நிற்கிறது. நானோ ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்! பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டை மாற்றியும் பிரயோஜனமில்லை. வாட்டர் கூலிங் போடாவிட்டால் பிராசசர் போய்விடும் என்று கடையில் சொல்கிறார்கள். முகூர்த்த சீசன் வேறு. என்ன செய்வது?

பதில்: பிராசசர் போகாது, அந்தப் பயத்தை விடுங்கள். 5800எக்ஸுக்கு அதன் தயாரிப்பாளரான ஏஎம்டி வகுத்திருக்கும் உச்ச வரம்பே 90 டிகிரிதான். அதைத் தொட்டதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எண் 90-ல் ஆணி அடித்தாற்போல் நிற்பது அதனால்தான். உங்கள் ஊர் உயரத்தில் தண்ணீரே 94 டிகிரி வாக்கில் கொதித்துவிடும் என்பதால் பார்க்கப் பகீரென்றுதான் இருக்கும். சிலிக்கானுக்கு அது தாங்கக்கூடிய சூடு.

இவ்வளவு குளிரில் எப்படி என்பதுதானே உங்கள் குழப்பம்? இந்தத் தலைமுறை ரைசன், கொடுக்கிற இடத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும் ரகம். அதற்கு மின்சார வரம்பு ஒன்று, சூட்டு வரம்பு ஒன்று. எது முதலில் இடிக்கிறதோ அதுவரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். உங்கள் சின்னக் கூலரில் முதலில் இடிப்பது சூடு. இதே பெட்டியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிக்கொண்டு போய் வைத்தாலும் திரையில் 90தான் தெரியும்; ஆனால் அங்கே கிகாஹெர்ட்ஸ் குறைந்திருக்கும், எக்ஸ்போர்ட் முடிய நேரம் கூடும். கோத்தகிரிக் குளிரை உங்கள் பிராசசர் ஏற்கெனவே வேகமாக மாற்றிக்கொண்டுவிட்டது. டிகிரியாகத் திருப்பித் தராது.

அப்புறம் பழைய கூலர் விஷயம். 2600-ன் அட்டையில் 65 வாட் என்று போட்டிருக்கும். உச்சத்தில் 88 வாட் வரை இழுக்கும். 5800எக்ஸ் அட்டையில் 105; உச்சத்தில் 142. வாட்டை மட்டும் பார்த்தால் போதாது. 2600-ல் அந்த வெப்பம் 213 சதுர மில்லிமீட்டர் சில்லு முழுவதும் பரவியிருந்தது. 5800எக்ஸில் கணக்குப் போடும் பகுதிகளான எட்டு கோர்களும் 80 சதுர மில்லிமீட்டர் சொச்சமே உள்ள ஒரு துண்டுக்குள் நெருக்கியடித்து இருக்கின்றன; அந்தத் துண்டும் பிராசசரின் உலோக மூடிக்கு நேர் நடுவில் இல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. அயர்ன் பாக்ஸை வேட்டி முழுக்க ஓட்டுவதற்கும் ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இந்தப் பிராசசரோடு பெட்டியில் கூலரே வைத்து விற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். 2600-உடன் வந்த ரெய்த் ஸ்டெல்த், இரண்டு அங்குலம் சொச்சம் உயரமுள்ள அலுமினியக் கட்டி. அதன் மேல் எந்தப் பேஸ்ட்டைத் தடவினாலும் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

செலவில்லாத வைத்தியத்தை முதலில் செய்யுங்கள். ஆன் செய்யும்போது டெலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போய், பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் என்ற இடத்தைத் தேடுங்கள். சில போர்டுகளில் எக்கோ மோடு என்றே இருக்கும். அதில் 65 வாட்டைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் மேனுவல் வைத்து பிபிடி (மொத்த வாட் வரம்பு) 88, டிடிசி (தொடர்ந்து போகும் கரன்ட் வரம்பு) 60, இடிசி (கண நேர உச்சக் கரன்ட் வரம்பு) 90 என்று மூன்று எண்களைப் போட்டுச் சேமியுங்கள். நல்ல கூலர் வைத்திருப்பவருக்கு இதனால் எக்ஸ்போர்ட்டில் ஏறக்குறைய பத்து சதவீதம் வரை வேகம் குறையலாம். உங்கள் கதை வேறு. சூட்டில் முட்டி நிற்பதால் அந்த 142 வாட்டை நீங்கள் இதுவரை முழுசாக அனுபவித்ததே இல்லை. இழப்பு கண்ணுக்கே தெரியாமல் போகலாம். டைம்லைனை முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பது போன்ற வேலைகளில் ஒரு மாற்றமும் இருக்காது. இன்னொரு லாபமும் உண்டு: மழைக்காலத்தில் கரன்ட் போய்ப் போய் வரும் ஊரில், எக்ஸ்போர்ட் நடுவில் யுபிஎஸ் கீச்சிடுவது குறையும். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் குறைகிற ஒவ்வொரு வாட்டும் பெரிய விஷயம்.

உங்கள் போர்டின் பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் இருந்தால், ஆல் கோர், நெகட்டிவ், 10 என்று வைத்துப் பாருங்கள். அதே வேகத்துக்குக் கொஞ்சம் குறைந்த வோல்டேஜ் போகும். ஒரேயடியாக 30 வைக்காதீர்கள். பேராசைப்பட்டால் அது எக்ஸ்போர்ட்டின்போது காட்டிக்கொடுக்காது. நீங்கள் டீ குடிக்கப் போயிருக்கும்போது, சும்மா இருக்கிற சிஸ்டம் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகி நிற்கும்.

இதற்குப் பிறகும் எண்பதுகளின் மேல்பாதியிலேயே நின்றால் கூலர் வாங்குங்கள். தண்ணீர் கூலர் வேண்டாம். கசிவு பயத்தால் சொல்லவில்லை. இந்தப் பிராசசரில் தடை இருப்பது அந்தச் சின்னத் துண்டிலிருந்து வெப்பம் மேலே ஏறும் வழியில், அதற்கு மேல் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் கொடுத்த காசுக்குக் குளிராது. தவிர பம்ப் என்று தேயக்கூடிய ஒரு பாகத்தை முகூர்த்த சீசனில் எதற்குச் சேர்க்க வேண்டும்? வெப்பத்தைக் கடத்தும் நான்கு ஹீட் பைப்பும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள டவர் கூலர் போதும். உயரம் 155 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், கேபினெட் கதவு மூடுமா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

பழைய கூலரைக் கழற்றும்போது மட்டும் நிதானம். கொஞ்ச நேரம் வேலை கொடுத்துப் பேஸ்ட்டை இளக வைத்து, ஆஃப் செய்து, வயரைப் பிடுங்கிவிட்டு, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகத் தளர்த்துங்கள். பிறகு கூலரை நேராக மேலே இழுக்காமல், இடமும் வலமுமாகத் திருகி விடுவித்து எடுங்கள். இந்த சாக்கெட்டில் பிராசசரின் அடியில்தான் 1331 பின்கள். குளிரில் பேஸ்ட் இறுகியிருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால், லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு பின் வளைந்தாலும் அதை நிமிர்த்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பக்கத்தில் தேயிலை ஃபேக்டரி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கேபினெட்டின் முன்பக்க ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி மெல்லிய தூசி, மூடுபனி ஈரத்தில் ஊறிக் காய்ந்து, கம்பளித் துண்டு போல ஒரே படலமாக உரிந்து வரும். ஊதினால் போகாது, தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் ஆசிரியையாக இருக்கிறேன். மதுரையில் இன்டெல் ஐ5 12400 பிராசசர் போட்டு ஒரு கணினி அசெம்பிள் செய்து காரில் கொண்டுவந்தேன். கடையில் என் கண் முன்னால் சோதித்தபோது 68 டிகிரிதான். இங்கே ஆன் செய்த சில நொடிகளில் 95-ஐத் தாண்டுகிறது, ஃபேன் அலறுகிறது. மலை மேல் காற்று லேசாக இருப்பதால் கூலர் வேலை செய்யாது என்று வீட்டில் சொல்கிறார். உண்மையா, சார்?

பதில்: அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது மேடம், ஆனால் குற்றவாளி வேறு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் ஒவ்வொரு சுற்றிலும் தள்ளும் காற்றின் எடை குறைகிறது, அது சுமந்து போகும் வெப்பமும் குறைகிறது. சர்வர் தயாரிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதுண்டு: சுமார் 900 மீட்டருக்கு மேல் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம், அறை வெப்பத்துக்கான உச்ச வரம்பைக் குறைப்பார்கள். ஆனால் இதெல்லாம் சில டிகிரி சமாச்சாரம். மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் உள்ள அறை வெப்ப வித்தியாசம் அதை ஈடுகட்டிவிட்டு மீதியும் தரும்.

உங்கள் கடிதத்தில் துப்பு கொடுப்பது ‘சில நொடிகளில்’ என்ற இடம். காற்றோட்டம் போதாவிட்டால் சூடு நிமிடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். ஆன் செய்ததும் குபீரென்று ஏறினால், கூலரின் அடித்தட்டு பிராசசரைச் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். இன்டெல் பெட்டியில் வரும் கூலரை மதர்போர்டில் பிடித்துவைப்பவை நான்கு பிளாஸ்டிக் கால்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில், கேபினெட்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வந்திருந்தால், கூலர் பக்கவாட்டில் தொங்கியபடி குலுங்கி ஒரு கால் துளையிலிருந்து வெளியே வந்திருக்கும்.

ஆஃப் செய்து, வயரைப் பிடுங்கி, பக்கக் கதவைக் கழற்றி, கூலரின் நான்கு மூலைகளையும் விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். எது ஆடுகிறதோ அதுதான். அந்தக் கருப்புக் குமிழை அதில் உள்ள அம்புக்குறிப்படித் திருப்பி இழுத்து, பழையபடி திருப்பி, டக்கென்ற சத்தம் வரும்வரை நேராக அழுத்துங்கள். கூலர் முழுவதுமாகத் தூக்கிக்கொண்டிருந்தால் மட்டும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுசு வையுங்கள். சூடு 100-ஐத் தொட்டாலும் 12400 தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும், அதனால் இதுவரை எதுவும் கெட்டிருக்காது. அடுத்த முறை மலை இறக்கிக் கொண்டுபோனால், மதர்போர்டு கிடைமட்டமாக இருக்கும்படி கேபினெட்டைப் படுக்கவைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஊட்டி. ஜன்னலைத் திறந்து அதன் ஓரத்தில் கேபினெட்டை வைத்தால் பிராசசர் சூடு நன்றாகக் குறைகிறது. மூடுபனி உள்ளே வரும்போது ஆபத்தா?

பதில்: ஓடிக்கொண்டிருக்கும் கணினி அறையைவிடச் சூடாக இருப்பதால் அதன் பாகங்களில் ஈரம் படியாது. ஆஃப் செய்த பிறகுதான் சிக்கல். ராத்திரி முழுக்க ஜன்னலோரம் சில்லிட்டுக் கிடந்த இரும்புப் பெட்டி, காலையில் ஹீட்டர் போட்டு, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் அறைக்காற்று பட்டதும் வியர்க்கும். கண்ணாடி போட்டவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அந்த நேரம் பார்த்து ஆன் செய்வது நல்லதல்ல. தவிர, மூடுபனி என்பது நீர்த்துளிதான். ஃபேன் அதை உள்ளே இழுத்தால் தூசியோடு குழைந்து கூலர் தகடுகளின் இடுக்கில் அப்பிக்கொள்ளும். இன்று கிடைக்கும் குளிர்ச்சியைச் சில மாதங்களில் தூசிக்குக் கொடுத்துவிடுவீர்கள். ஜன்னலை விட்டு நகர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கம்ப்யூட்டர் டேபிளின் கதவு போட்ட அறைக்குள் வைக்க வேண்டாம்.

கேள்வி: கூடலூர். புது ரைசன் போட்டதிலிருந்து சும்மா பிரவுசர் திறந்தாலே 42-லிருந்து 60-க்குத் தாவி உடனே இறங்குகிறது. ஃபேனும் உறுமி உறுமி அடங்குகிறது. கோளாறா?

பதில்: இல்லை. ஒரு கோர் கண நேரம் முழு வேகத்துக்குப் போய்த் திரும்புகிறது, அவ்வளவுதான். பயாஸில், எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் ஃபேன் கர்வைத் திறந்து, 60 டிகிரி வரை ஒரே மெதுவான வேகத்தில் சமமாக வைத்து, அதற்கு மேல் ஏறும்படி இழுத்துவிடுங்கள். ஃபேன் ஸ்டெப் அப் டைம் (வேகம் கூட எடுக்கும் நேரம்) என்று இருந்தால் அதையும் சில நொடிகள் கூட்டுங்கள். தாவல் இருக்கும், உறுமல் இருக்காது.