பொள்ளாச்சிக்கு எத்தனை எழுத்துங்க?

கேள்வி: அண்ணா, நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில சாப்ட்வேர் பாக்கறனுங்க. தமிழ்ல தேடறதுக்கு ஒரு ஓப்பன் சோர்ஸ் பைத்தான் லைப்ரரி (யாரு வேணா எடுத்துப் பாத்துத் திருத்தற மாதிரி பொதுவுல வச்சிருக்கற ரெடிமேட் கோடு) போட்டிருக்கோம், அதுல "பொள்ளாச்சி"ன்னு தேடுனா பாதி பில்லு வரவே மாட்டேங்குது. எங்க சிஸ்டத்துல ஒரே ஒரு வரி சேத்து சரி பண்ணிட்டேன். இதை அவங்களுக்கு அனுப்பலாமுங்களா? இங்கிலீஷ் அவ்வளவா வராது, ஒரு வரிக்குப் போய் நிக்கறதான்னு கூச்சமாவும் இருக்கு.
- ஒரு வாசகி, அவிநாசி

பதில்: கண்டிப்பா அனுப்புங்க அம்மணி. உங்ககிட்டயே வச்சுக்கிட்டா அடுத்த அப்டேட்ல அந்த வரி அழிஞ்சு போயிரும், மறுக்கா அதே வேலை.

இது சின்ன விசயமே இல்லீங்க. "பொ" அடிக்கறப்ப சில கீபோர்டு கொம்பையும் காலையும் சேத்து ஒரே குறியா போடும், சிலது கொம்பு தனி கால் தனின்னு ரெண்டா போடும், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா பைத்தான்ல நீளத்தை எண்ணச் சொன்னா பொள்ளாச்சி ஒண்ணு 10ங்கும் இன்னொண்ணு 11ங்கும், நமக்கோ அஞ்சே எழுத்து. யூனிகோடு (கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஒரு எண் குடுக்கற பொது முறை) கணக்குல ரெண்டும் சமந்தான், தேடறதுக்கு முன்னாடி என்எஃப்சி-க்கு, அதாவது பிரிஞ்சு கிடக்கற குறிகளைச் சேத்து ஒரே மாதிரி ஆக்கற யூனிகோடு வடிவத்துக்கு, மாத்திட்டா ரெண்டுமே 10 ஆயிரும். நீங்க சேத்த வரியும் அதுவாத்தான் இருக்கோணும்.

அந்த லைப்ரரிய பாத்துக்கறவருக்குத் தமிழ் தெரியாம இருக்கலாம், அதனால வெறும் வரிய மட்டும் அனுப்பாதீங்க, கூடவே ஒரு டெஸ்ட் (கோடு சரியா வேலை செய்யுதான்னு பாக்கற சின்ன கோடு) எழுதுங்க. ரெண்டு பொள்ளாச்சியையும் யூனிகோடு எண்ணாவே போட்டு, ரெண்டும் ஒண்ணான்னு கேக்கற டெஸ்ட். உங்க வரி இல்லாதப்ப அது ஃபெயில் ஆகோணும், சேத்ததும் பாஸ் ஆகோணும். அதுக்கு மேல இங்கிலீஷ் நாலு வரி போதுங்க: என்ன பண்ணுனேன், என்ன வந்துச்சு, என்ன வந்திருக்கோணும், அவ்வளவுதான்.

அவங்க பக்கத்துல பழைய இஷ்யூல (புகார்ப் பதிவு) இதே புகார் கிடக்குதான்னு மொதல்ல தேடிப் பாருங்க, இல்லீன்னா புதுசா ஒண்ணு போடுங்க. அப்புறம் ஃபோர்க் பண்ணி (உங்களுக்குன்னு ஒரு நகல் எடுத்து), தனி பிராஞ்ச்ல (தனிக் கிளையில) இந்த மாத்தம் மட்டும் வச்சு புல் ரிக்வெஸ்ட் குடுங்க, அதாவது இதைச் சேத்துக்கோங்கன்னு அவங்களைக் கேளுங்க. நான் மொதமொதல்ல அனுப்புனப்ப ஒரு பிழையோட சேத்து ஃபைல் பூரா ஸ்பேஸையும் ஒழுங்கு பண்ணி அனுப்பிட்டேன், எது திருத்தம்னே தெரியல, பிரிச்சு அனுப்புங்கன்னு திருப்பிட்டாங்க. அவங்க சொன்னது நியாயம். நிறைய பேரு இதையெல்லாம் வேலை முடிச்சு வந்து ராத்திரில உக்காந்து பாக்கறவங்க, ரெண்டு வாரம் பதில் வரலீன்னா வெசனப்படாம ஒருக்கா தன்மையா கேளுங்க.

கம்பெனி நேரத்துல எழுதுன கோடுங்கறதால முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, இது முக்கியம். கமிட்ல (மாத்தத்தைப் பதிவு பண்றதுல) உங்க பேரும் ஈமெயிலும் எல்லாருக்கும் தெரியும், அதுக்குத் தோதான ஈமெயிலா வைங்க.

அந்த டெஸ்ட்லயே "கோபி"ங்கற ஊர்ப் பேரையும் சேத்திருங்க அம்மணி, "கோ"வுக்கும் இதே சிக்கல்தான், "கௌ"வுக்கும்தான்.