அலுவலக லேப்டாப் வீட்டுக்கு வரும்போது

வணக்கம் சார்,

நான் தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. வீட்டில் இருந்த பழைய லேப்டாப் போன மாதம் நின்றுவிட்டது. வினாத்தாள் தட்டச்சு செய்ய, பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்ற, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் யூடியூபில் பாடம் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக உட்கார்ந்து ஒரு படம் பார்க்க... இவ்வளவுதான் எங்கள் தேவை. பேங்க் வேலைகளையும் அதில்தான் பார்ப்போம். சென்னையில் இருக்கும் தம்பி, "புதுசு வேண்டாம் அக்கா, கம்பெனிகள் ஓட்டிவிட்டுக் கொடுத்த பிசினஸ் லேப்டாப் வாங்கலாம்" என்கிறான். ரிச்சி தெருவில் விசாரித்து மூன்று மாடல் சொல்லியிருக்கிறான்: லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றிலும் 8 ஜிபி ரேம். விலையும் ஏறத்தாழ ஒன்றுதான். அதே பணத்துக்குப் புதிதாகவே ஒன்று வருமே என்பது என் கணவரின் கட்சி. மூன்றில் எதை எடுப்பது? 8 ஜிபி போதுமா?

ச., தென்காசி

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் தம்பி நல்ல மூன்றைத்தான் பிடித்திருக்கிறார். மூன்றும் 2018இல் வந்தவை. மூன்றும் 14 அங்குலம். உள்ளே இருப்பதும் பெரும்பாலும் ஒரே வகை இன்டெல் ப்ராசசர். பெரிய அலுவலகங்கள் அந்தக் காலத்தில் மொத்தமாக வாங்கிப் போட்டவை இவை. எனவே லெனோவோவா, டெல்லா, எச்பியா என்று முதலிலேயே முடிவு செய்யாதீர்கள். கடைக்காரர் உங்கள் முன்னால் எடுத்து வைக்கிற அந்த ஒரு லேப்டாப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாடு வாங்குகிறவர்கள் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுப்பதில்லை, பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான், ஏனென்றால் ஒரே மாடல் பெயருக்குள் மிக நல்லதும் இருக்கிறது, வீட்டுக்கு ஆகாததும் இருக்கிறது.

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. புதிதென்றால் வாரண்டி உண்டு, பேட்டரியும் புதிது. ஆனால் பழைய பிசினஸ் லேப்டாப்பின் விலைக்குப் புதிதாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் செலரான் மாதிரி அடிமட்ட ப்ராசசர்தான் இருக்கும். பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னால் கூட்ட முடியாது. பிசினஸ் மாடல்களோ கம்பெனியின் டெக்னீஷியன் திறந்து வேலை பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் ரேம், எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம், பேட்டரி, ஃபேன் எல்லாம் கைக்கு எட்டும். எப்படிக் கழற்றுவது என்ற கையேட்டை மூன்று கம்பெனிகளும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கின்றன. நான்கைந்து வருடம் ஒரே லேப்டாப்பை வைத்திருக்க நினைக்கும் குடும்பத்துக்கு இதுதான் முக்கியம் என்பேன். நான் உங்கள் தம்பி பக்கம்.

இனி அந்த ஒரு லேப்டாப்பில் எதையெல்லாம் பார்ப்பது?

ப்ராசசரில் இருந்து தொடங்குங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஓடுவதற்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். நீங்கள் சொன்ன மூன்றும் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோடு வந்தவை. ஆனால் இதே மாடல்களில் 7ஆம் தலைமுறை ப்ராசசர் போட்டு விற்றவையும் உண்டு. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. "விண்டோஸ் 11 போட்டுத் தந்திருக்கிறோம், ஓடுகிறதே" என்று கடையில் சொல்லலாம். விண்டோஸ் 11இன் தகுதிச் சோதனையைத் தாண்டிவிட்டு நிறுவ வழி இருப்பதால் ஓடத்தான் செய்யும். அதை வைத்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். செட்டிங்ஸில் ப்ராசசர் பெயரைப் பாருங்கள். ஐ5-8250யூ, ஐ5-8350யூ என்று கோட்டுக்குப் பிறகு 8இல் தொடங்க வேண்டும். ஐ5-7300யூ என்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆதரவுப் பிரச்சினை ஒரு பக்கம் இருக்கட்டும், வேகத்திலும் பெரிய இடைவெளி உண்டு. இந்த வகை ஐ5இல் 7ஆம் தலைமுறை வரை வேலை செய்யும் பகுதி, அதாவது கோர், இரண்டுதான்; 8இல்தான் நான்கானது.

அடுத்தது திரை. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கம்பெனிகள் மொத்தமாக வாங்கும்போது செலவைக் குறைக்க முதலில் கை வைக்கும் இடங்களில் திரையும் ஒன்று. அலுவலக மேசையில் தனி மானிட்டர் இருக்கும், லேப்டாப் திரை எப்படி இருந்தால் என்ன என்பது அவர்கள் கணக்கு. அதனால் டி480இல் 1366க்கு 768 பிக்சல் கொண்ட, டிஎன் என்ற மலிவு வகைப் பேனலும் வந்தது, 1920க்கு 1080 கொண்ட, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனலும் வந்தது, அதற்கு மேலே 2560க்கு 1440ம் வந்தது. மூன்றுக்கும் பெயர் டி480தான். விளம்பரத்தில் "14 இன்ச் எச்டி" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் முதல் வகை.

தமிழில் தட்டச்சு செய்கிற உங்களுக்கு அந்த முதல் வகை நிச்சயம் வேண்டாம். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். சிறிய எழுத்தளவில் ண, ணை, ஞூ எல்லாம் அந்தத் திரையில் குழைந்து தெரியும். வினாத்தாளில் ஒற்றுப்பிழை தேடுகிறவருக்கு அது கண்வலி. இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் இடம் பற்றாது. போதாக்குறைக்கு, டிஎன் பேனலை நேரே உட்கார்ந்து பார்த்தால்தான் நிறம் சரியாக இருக்கும். கட்டிலில் மூன்று பேர் உட்கார்ந்து படம் பார்த்தால் கடைசியில் இருப்பவருக்கு முகங்கள் வெளிறியோ கறுத்தோ தெரியும். கடையிலேயே திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பாருங்கள், பக்கவாட்டில் நகர்ந்தும் பாருங்கள். நிறம் மாறினால் வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அழுத்தத்தால் வந்த திட்டுகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

எலைட்புக்கில் கூடுதலாக ஒரு விஷயம் உண்டு. ஷ்யூர் வியூ என்று ஒரு வசதியோடு சில 840 ஜி5 வந்தன. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்க முடியாதபடி திரையை மறைக்கும் வசதி. அலுவலகக்காரருக்கு நல்லது. ஆனால் அதை அணைத்து வைத்தாலும், பக்கவாட்டில் இருந்து பார்க்கிறவருக்குச் சாதாரண ஐபிஎஸ் அளவுக்குத் தெளிவு கிடைக்காது. குடும்பமாகப் பார்க்க வேண்டும் என்றால் ஷ்யூர் வியூ இல்லாத எலைட்புக்தான் வேண்டும் என்று தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

அப்புறம், பூட்டு. கம்பெனிகள் தங்கள் லேப்டாப்களை மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் என்ற, கம்பெனிக் கணினிகளுக்கான இணையப் பதிவேட்டில் பதிந்து வைத்திருப்பார்கள். திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பதிவை நீக்க வேண்டும். நீக்காமல் விட்டுவிட்டால், விண்டோஸை ரீசெட் செய்து இணையத்தில் இணைத்ததும் "இந்தக் கம்பெனியின் கணக்கால் உள்ளே வாருங்கள்" என்று கேட்கும். இணையத்தில் சேர்க்காமலே விண்டோஸ் நிறுவிக் கொடுத்திருந்தால் இது வாங்கும் அன்று தெரியாது. ஒரு வருடம் கழித்து நீங்கள் ரீசெட் செய்யும்போதுதான் தெரியும், அப்போது கடைக்காரரிடம் போய் நிற்க முடியாது. ஆகவே உங்கள் முன்னாலேயே ரீசெட் செய்யச் சொல்லி, தம்பியின் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, கடைசித் திரை வரை போய்ப் பாருங்கள். நேரமாகும், பொறுத்திருங்கள். அப்படியே விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள்ளும் நுழைந்து பார்த்துவிடுங்கள். ஆன் செய்ததும் லெனோவோவுக்கு எஃப்1, டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப் வேண்டாம்.

விண்டோஸ் லைசென்ஸுக்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இந்த மாடல்கள் பெரும்பாலும் விண்டோஸ் 10 ப்ரோவோடு விற்கப்பட்டவை. அதன் லைசென்ஸ் எண் உள்ளே மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். சுத்தமாக நிறுவி இணையத்தில் இணைத்தால் விண்டோஸ் 11 தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆகவில்லை என்று சொல்லி ஏதோ ஒரு கிராக் மென்பொருளை ஓட்டிக் கொடுத்தால் தயவுசெய்து ஏற்காதீர்கள். பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற கணினி அது.

பேட்டரியைப் பொறுத்தவரை, பழையது என்றால் தேய்ந்துதான் இருக்கும். எவ்வளவு தேய்ந்தது என்பதை விண்டோஸே பேட்டரி ரிப்போர்ட்டாகக் கொடுக்கும், தம்பிக்கு எடுக்கத் தெரிந்திருக்கும். டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் வரும். இரண்டாவது முதலாவதில் பாதியளவுக்கு வந்துவிட்டது என்றால் புது பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ, அழுத்தினால் இறங்க மறுத்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை வாங்கி வீட்டில் வைக்காதீர்கள்.

சரி, இவ்வளவும் தேறிய மூன்று லேப்டாப் உங்கள் முன்னால் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு நான் டி480ஐத்தான் சொல்வேன். நீங்கள் நிறைய தட்டச்சு செய்கிறவர், இந்த மூன்றில் கீபோர்ட் என்றால் திங்க்பேட்தான். ஐபிஎம் 1992இல் தொடங்கிய வரிசை அது, 2005இல் லெனோவோ கைக்கு வந்தது. மேலே குழிந்த சாவிகளும் நடுவில் உள்ள சிவப்புக் குமிழும் இதிலும் உண்டு. டி480இல் பேட்டரியும் இரண்டு. ஒன்று உள்ளே, இன்னொன்று பின்புறத்தில். பின்னால் இருப்பதைத் திருப்புளி இல்லாமலே தாழ்ப்பாளைத் தள்ளிக் கழற்றலாம். தென்காசியில் பழுதுபார்க்கிறவரைத் தேடி அலையாமல் நீங்களே புதிதாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்பது சாதாரண வசதி இல்லை. அந்த வெளி பேட்டரி 24 வாட்-ஹவர் கொள்ளளவில் இருந்து 72 வரை கிடைத்தது. 72 போட்டால் பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக நிற்கும், ஆனால் நீண்ட நேரம் தாங்கும்.

குறைகளும் உண்டு. ஐபிஎஸ் வகையிலும் இதன் திரை கொஞ்சம் மங்கல்தான். ஸ்பீக்கர் அடியில் இருப்பதால் சத்தம் மேசைக்குள் போகும், படம் பார்க்கத் தனி ஸ்பீக்கர் வேண்டியிருக்கும். இடது மூலையில் கன்ட்ரோல் இருக்கும் இடத்தில் எஃப்என் சாவி இருக்கும். கை பழகாவிட்டால் பயாஸில் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். 2017 முதல் 2019 வரை வந்த சில திங்க்பேட்களில் யூஎஸ்பி-சி துளையை இயக்கும் உள் மென்பொருளில் (தண்டர்போல்ட் ஃபர்ம்வேர்) ஒரு கோளாறு இருந்தது. லெனோவோ அதற்கு அப்டேட் வெளியிட்டது, அதைப் போடாமல் விட்டவற்றில் துளை பழுதானதும் உண்டு. எனவே இரண்டு யூஎஸ்பி-சி துளையிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.

எலைட்புக்கின் உலோக உடம்பும், கீபோர்டுக்கு மேலே உங்களைப் பார்த்து இருக்கும் ஸ்பீக்கரும் வீட்டுக்கு இதமானவை. திரை நன்றாக உள்ள எலைட்புக் ஒன்று இருந்து, டி480இல் 1366 திரைதான் கிடைக்கிறது என்றால் யோசிக்காமல் எலைட்புக்கை எடுங்கள். லேட்டிட்யூட் 7490 மூன்றில் இலேசானது. தினமும் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போகிறவருக்கு முதலில் அதைச் சொல்லியிருப்பேன். நீங்கள் பள்ளிக்கு எடுத்துப் போவதாக எழுதவில்லை.

"இதைவிடப் புதுசு, டி490 இருக்கிறது" என்று கடையில் காட்டக்கூடும். 2019இல் வந்தது, மெலிதாக இருக்கும். ஆனால் அதில் வெளி பேட்டரி போய்விட்டது. ரேமில் ஒரு பகுதி போர்டோடு பற்றவைத்தது, மீதிக்கு ஒரே ஸ்லாட்தான். நீங்கள் கேட்கும் வேலைகளுக்கு அதன் கூடுதல் வேகம் தெரியாது, கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து வந்த லேப்டாப்களும் சந்தையில் இருப்பதால் கீபோர்டையும் ஒரு பார்வை பாருங்கள். என்டர் சாவி ஒல்லியாக உயரமாக இருந்தால் பிரிட்டிஷ் அமைப்பு, ஒய் இருக்கும் இடத்தில் இசட் இருந்தால் ஜெர்மன். மேலே ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். சாவியைப் பார்க்காமல் அடிக்கிறவருக்கு அந்த என்டர் சாவி நெடுநாள் தொந்தரவு.

8 ஜிபி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேர்டும் நாலைந்து யூடியூப் பக்கமும் என்றால் 8 ஜிபியில் ஓட்டிவிடலாம், ஆனால் மகளும் நீங்களும் மாறி மாறித் திறந்து வைத்ததை மூடாமல் விட்டால் இழுக்க ஆரம்பிக்கும். இந்த மூன்று மாடலிலும் ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு. 8 ஜிபி ஒரே ரேமாக இருக்கிறதா, நான்கு நான்காக இரண்டா என்று டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் தெரியும். இரண்டில் ஒரு ஸ்லாட்தான் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். அப்போதுதான் பிறகு இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 வகை ரேம் வாங்கிக் காலி ஸ்லாட்டில் போட்டு 16 ஆக்க முடியும். நான்கும் நான்குமாக இருந்தால் ஒன்றைக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டியதுதான், அல்லது வாங்கும்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள்.