சர்வேயில் உள்ளதை உள்ளபடி எழுதலாமா?

கேள்வி: பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். டீமில் 8 பேர். பெண் நான் ஒருத்திதான். மேனேஜர் இரவு 11 மணிக்கும் கூப்பிடுவார். இப்போது வருடாந்திர ஊழியர் சர்வே வந்திருக்கிறது. யார் எழுதியது என்று தெரியாது என்கிறது ஹெச்.ஆர். "எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டுடுங்க" என்கிறார் மேனேஜர். உண்மையை எழுதலாமா?
– பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்

பதில்: மார்க்கை உள்ளபடியே போடுங்கள். கருத்துப் பெட்டியில்தான் கவனம் தேவை.

சர்வே லிங்க் உங்கள் மெயிலுக்குத் தனியாக வந்ததா? நிரப்பாதவர்களுக்கு மட்டும் நினைவூட்டல் போகிறதா? அப்படியானால் யார் நிரப்பினார் என்பது சர்வே நடத்தும் கம்பெனியின் கணினிக்குத் தெரியும். மேனேஜருக்குப் போவது பொதுவாக டீமின் சராசரி மட்டுமே. பல இடங்களில் குறைந்தது 5 பேராவது பதில் தந்தால்தான் அந்த டீமுக்குத் தனி அறிக்கை. குறைந்தால் மேல்மட்டக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். உங்கள் இடத்தில் அந்த எண் என்ன என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, பலரும் கேட்பதுதான். ஆண்/பெண், அனுபவ வருடம் எனப் பிரித்துப் பார்க்கும்போதும் அதே வரம்பு உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 8 பேரில் ஒரே பெண் என்பதால் உங்களுக்கு இதுதான் முக்கியம்.

ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கருத்துப் பெட்டியில்தான். எழுதியதை ஒரு எழுத்து மாறாமல் அப்படியே மேனேஜரிடம் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. "தீபாவளிக்கு முந்தின நாள் என்னை மட்டும் உட்கார வைத்தார்" என்றால் பெயரே தேவையில்லை. மெயிலில் நீங்கள் வழக்கமாக எழுதும் சொற்றொடரும் காட்டிக்கொடுக்கும். அதற்காக "மேனேஜ்மென்ட் சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யாருக்கும் பயனில்லை. தேதியும் ஆளும் இல்லாமல் வழக்கத்தை எழுதுங்கள்: "வேலை நேரம் முடிந்தபின் வாரத்தில் பல நாள் அழைப்பு வருகிறது. ஆன்-கால் முறைப் பட்டியல் (எந்த இரவு அழைப்பு யாருக்கு என்பது) இல்லை. பட்டியலும், இரவு வேலைக்குக் காம்ப்-ஆஃபும் (ஈடான விடுமுறை) வேண்டும்." மேலே இருப்பவர் இதை வைத்து ஏதாவது செய்ய முடியும். பயமாக இருந்தால் பெட்டியைக் காலியாக விடுங்கள். பெரும்பாலும் அது கட்டாயமில்லை.

மேனேஜர் ஏன் 5 கேட்கிறார்? பல நிறுவனங்களில் சர்வே ஸ்கோர் அவருடைய அப்ரைசலிலும் சேரும். எல்லாரும் 5 போட்டால் அந்த டீமில் பிரச்சினையே இல்லை என்று கணக்கு முடிந்துவிடும். ஸ்கோர் குறைந்து, "இதை யார் எழுதினது?" என்று அவர் மீட்டிங்கில் கேட்டால் வாய் திறக்க வேண்டாம். நான் இல்லை என்றும் சொல்ல வேண்டாம். ஒவ்வொருவராக மறுத்துவந்தால் மிச்சமிருப்பவர் தெரிந்துவிடுவார்.

இரவு அழைப்புக்கு சர்வேயை மட்டும் நம்பாதீர்கள். நாள், நேரம், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று சொந்த நோட்டில் குறித்து வையுங்கள். அலுவலக மெயிலைச் சொந்த மெயிலுக்கு ஃபார்வர்ட் செய்யவே கூடாது. தகவல் கசிவு என்று நடவடிக்கை உங்கள் மேல் திரும்பும். ஒவ்வொரு இரவு வேலைக்கும் மறுநாளே மெயிலில் காம்ப்-ஆஃப் கேளுங்கள். மறுத்தால் அந்த மெயில்களுடன் மேனேஜரின் மேலதிகாரியிடம் நேரம் கேளுங்கள்.

ஒன்று கடிதத்தில் இல்லை, ஆனாலும் சொல்கிறோம். அந்த அழைப்புகளில் பாலியல் தொனி இருந்தால் சர்வேயில் எழுதுவது புகாராகாது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிடம் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். கடைசியாக நடந்த நாளிலிருந்து 3 மாதம் கெடு. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம்.